புது காது மிஷினும் நான் ஆட்டிய தலையும்

முப்பது வருஷமாக மைசூரில் டைல்ஸ் பதிக்கிறேன். என் கை பட்ட தரையில் ஒரு கல்கூடப் பொக்கு விட்டதில்லை. சந்தேகம் இருந்தால் எந்த வீட்டில் வேண்டுமானாலும் போய்த் தட்டிப் பாருங்கள்.

சும்மா சொன்னேன், தட்டிப் பார்க்காதீர்கள். முதல் வரியிலேயே பொய் சொன்னதற்கு மன்னிக்கணும். டீக்கடையில் தினமும் சொல்லிச் சொல்லி வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதை நான் எழுதவில்லை. நான் மூணாவது வரைக்கும் கன்னட ஸ்கூலில் படித்தவன். மூணாவதை மூன்று தடவை படித்ததால் ஆழமாகப் படித்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம். வேலை நடக்கிற வீட்டில், மத்தியானச் சாப்பாடு முடித்து சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து போனில் பேசி அனுப்புகிறேன். என் மருமகள் மேட்டூர்ப் பக்கத்துப் பெண், தமிழ் நன்றாக எழுதுவாள். என் கோணல் மாணலை எல்லாம் ரசமட்டம் வைத்து நேராக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இது நடந்தது போன வருஷம், தசரா கூட்டம் கலைந்து ஊர் மூச்சு விட்ட வாரத்தில். அப்போது எனக்கு ஒரு பழைய காது மிஷின் இருந்தது. டைல்ஸ் வெட்டுகிற மிஷின் பக்கத்தில் முப்பது வருஷம் குனிந்து நின்றால் காது என்ன ஆகும்? முதலில் வலது போனது. பிறகு அதற்குத் துணையாக இடதும் போனது. எட்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய மிஷினை இரண்டு காதுக்குப் பின்னாலும் மாட்டிக்கொண்டு காலம் ஓட்டினேன். தலையில் துண்டு கட்டினால் போதும், அது குய்ங் என்று விசில் அடிக்கும். நான் படி ஏறும்போதே, "அண்ணன் வர்றாரு, குக்கர் விசில் கேக்குது" என்று பசங்கள் சிரிப்பார்கள். அவர்கள் சொல்வது எனக்குக் கேட்காது, வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அதுதான் என் வித்தை. கேட்டாலும் சிரிப்பேன், கேட்காவிட்டாலும் சிரிப்பேன். யாராவது நீளமாகப் பேசினால் இரண்டு தடவை தலையை ஆட்டி, "சரி சரி, பாத்துக்கலாம்" என்பேன். இதை வைத்தே ஊரில் நல்ல மனுஷன் என்று பெயர் வாங்கியவன் நான்.

டைல்ஸ் வேலையில் ஒரு விஷயம் உண்டு. கல்லை வைத்து ரப்பர் சுத்தியால் தட்டும்போது சத்தம் வரும் இல்லையா, அதில்தான் எல்லாம் இருக்கிறது. அடியில் கலவை நிறைந்திருந்தால் தத் தத் என்று கெட்டியாக வரும். காற்று அடைத்திருந்தால் டொக் என்று வெறும் டப்பா மாதிரி வரும். அதைத்தான் பொக்கு என்போம். ஈரம் காய்வதற்குள் அந்தக் கல்லை எடுத்து, அடியில் சிமெண்ட் பால் ஊற்றித் திரும்ப வைக்க வேண்டும். விட்டுவிட்டால், என்றைக்காவது ஒரு நாள் வீட்டுக்காரம்மா குக்கரைக் கீழே போடுவார், கல் விரியும், நம் மானமும் விரியும்.

இந்தச் சத்தம் எனக்குக் கேட்காமல் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். காது கேட்காத டைல்ஸ்காரனை யார் கூப்பிடுவார்கள்? அதனால் எனக்கு நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். தட்டும்போது இன்னொரு கையைக் கல் மேல் வைத்தால் அதிர்வு விரலில் தெரிகிறது, எனக்குக் காது எதற்கு என்று. டீக்கடையில் விரலைத் தூக்கிக் காட்டிப் பெருமை அடிப்பேன். நான் பதித்த தரைகளும் கெட்டியாகத்தான் இருந்தன. ஆகையால் விரல்தான் என்று நானே நம்பிவிட்டேன்.

பிறகு தசராவுக்கு முன்னால் அந்த ஏழு கல் வந்தது.

ஹெப்பால் பக்கம் ஒரு வீட்டில் ஹாலுக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்தோம். ஒரு மாதத்தில் காண்ட்ராக்டர் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய் ஒரு சாவியால் தட்டிக் காட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தே எண்ணிவிட்டேன், ஏழு. எங்கள் காண்ட்ராக்டர் கன்னடக்காரர், கோபம் வந்தால்தான் தமிழ் பேசுவார்.

"ஏன் மேஸ்திரி, வயசாய்த்தா? இன்னொரு வாட்டி இப்பிடி ஆனா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

நான் மணலைக் குறை சொன்னேன். சிமெண்டைக் குறை சொன்னேன். வெயில் சரியில்லை என்றேன். ஹாலுக்குள் வெயில் எப்படி வந்தது என்று அவர் கேட்டார். அதற்குத் தலையை ஆட்டிவிட்டேன்.

வீட்டில் என் மனைவி ஏற்கெனவே புது மிஷின், புது மிஷின் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். பழைய மிஷினே பிரமாதமாகக் கேட்கிறது என்று நான் சாதித்துக்கொண்டிருந்தேன். செலவு ஆகுமே என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். மகன் தானே கட்டுவதாகச் சொல்லி அதையும் பிடுங்கிக்கொண்டான். உண்மை என்னவென்றால், டெஸ்ட்டுக்குப் போகவே எனக்குப் பயம். காது எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று காகிதத்தில் வந்துவிடுமே. கையில் காகிதம் இல்லாதவரைக்கும் நான் டைல்ஸ் மேஸ்திரி. வந்துவிட்டால் செவிடன். அந்த ஏழு கல்லுக்குப் பிறகு வேறு வழி தெரியவில்லை.

டெஸ்ட் எடுத்த டாக்டரம்மா சின்ன வயசு. தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு ரூமில் என்னை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கை அசையும்போதெல்லாம் அமுக்கினேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் வெறும் கையை அசைத்துப் பார்த்தார். அமுக்கினேன். எழுந்து வந்து என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். பரீட்சையில் பிட் அடித்து மாட்டியது எனக்கு அது இரண்டாவது தடவை.

"ஸ்வாமி, பழைய மிஷின்ல இதுக்கு மேல ஏத்த முடியாது. உங்க காது அதத் தாண்டிப் போயிடுச்சு. புதுசு ஒரு வாரம் போட்டுப் பாருங்க. பிடிக்கலன்னா பேடா, வேண்டாம், திருப்பிக் குடுத்துடுங்க" என்றார்.

ஒரு வாரம். வேண்டுமா வேண்டாமா என்று அதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

புது மிஷினைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். என் செருப்புக்குச் சத்தம் உண்டு என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்தால் கடுகு வெடிக்கிறது, குழாய் சொட்டுகிறது, பக்கத்து வீட்டில் யாரோ தும்முகிறார்கள். என் மனைவி சமையல்கட்டில் நின்றபடி கத்தினாள். அவள் திட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். சாப்பிட வாங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"எதுக்கு இந்தக் கத்து கத்தற? மெதுவாப் பேசு, கேக்குது" என்றேன்.

அவள் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். இரண்டு வார்த்தையிலேயே குரல் மேலே போய்விட்டது. மறுபடி குறைத்தாள். மறுபடி ஏறியது. "வர மாட்டேங்குதுங்க" என்று சிரித்தாள். எனக்காக எட்டு வருஷம் கத்திக் கத்தி, மெதுவாகப் பேசுவதையே அந்தத் தொண்டை மறந்துவிட்டது. எங்கள் தெருவில் நாங்கள் தினமும் சண்டை போடுகிறோம் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்ததும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சிரித்துவிட்டுக் கை கழுவப் போனேன். கழுவிவிட்டு, சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினேன்.

அதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. மறுநாள் வேலைக்குப் போனேன். விஜயநகர் பக்கம் மூன்று மாடி வீடு. அந்த வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனவர். கையில் ஒரு குச்சியோடு சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பார். ஒரு தடவை நான் குனிந்து நின்றபோது என்னையும் தட்டிவிட்டார். அப்படிப்பட்ட இடம். கல்லை வைத்தேன், சுத்தியால் தட்டினேன், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சத்தம் வந்தது. ஆனால் எல்லாக் கல்லும் ஒரே சத்தம், மெத்தையில் தட்டுகிற மாதிரி. கெட்டியும் பொக்கும் ஒன்றுபோல மொத்து மொத்து என்றுதான் கேட்டது. தெருவில் போகிற ஆட்டோ கேட்கிறது, மேல் மாடியில் ஆள் இருமுவது கேட்கிறது, எனக்குச் சோறு போடுகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை.

நாலாம் நாள் மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டேன். டாக்டரம்மா காரணம் கேட்டார். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு அந்தக் கல்லையும் சுத்தியையும் கொண்டு வாங்க" என்றார்.

மறுநாள் காலையில் இரண்டு கல், ஒரு சுத்தி, ஒரு பக்கெட் மணலோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் லக்கேஜ் போடவா என்று கேட்டார், வைத்தியத்துக்குப் போகிறேன் என்றேன், விட்டுவிட்டார். வராந்தாவில் ஒரு கல்லுக்கு மணலை நிறைத்தேன். இன்னொன்றுக்கு வேண்டுமென்றே நடுவில் பள்ளம் விட்டேன். காது டெஸ்ட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் தட்ட, டாக்டரம்மா கம்ப்யூட்டரில் எதையோ மாற்ற, மறுபடி நான் தட்ட.

"இந்த மிஷின் டக்குனு வர்ற சத்தத்த எல்லாம் தொந்தரவுன்னு நெனச்சு அமுக்கிடும், ஸ்வாமி. உங்க வேலையவே அது தொந்தரவுன்னு நெனச்சிருக்கு."

"என் பொண்டாட்டியும் அப்படித்தான் நெனைக்கறா" என்றேன்.

அப்புறம் ஒரு தட்டு. தத். பக்கத்துக் கல்லில் ஒரு தட்டு. டொக். நான் இன்னொரு தடவை தட்டினேன். டொக். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தத் திருட்டுச் சத்தத்தைக் கேட்டதும் பொண்ணுக்குப் பிரசவம் ஆன செய்தி வந்தவன் மாதிரி எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன். வேலை நேரத்தில் மட்டும் ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டால் போதும் என்று சொல்லிக் கொடுத்தார்.

வாரம் முடிய இரண்டு நாள் பாக்கி. அப்போதும் நான் முடிவு செய்யவில்லை. விரலே போதும் என்கிற பெருமை லேசில் விடுமா?

மறுநாள் காலையில் விஜயநகர் வீட்டில் ஒரு ரூம் பாதி பதித்தோம். புதுச் சத்தம் கேட்கிற சந்தோஷத்தில் ரொம்ப வேகமாகப் போனேன் என்று நினைக்கிறேன். மத்தியானம் ஆனதும் வழக்கம்போல டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். என்னோடு கலவை கலக்கிக் கொடுக்கிற சித்தாள் ஒரு அம்மா, கொள்ளேகால் பக்கத்துக்காரி. தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். நாலு வருஷமாக எனக்கு அவள்தான் ஜோடி. எப்போதும் அவள் சாப்பிட அரை மணி நேரம் லேட்டாகத்தான் வருவாள். பக்கெட் கழுவிவிட்டு வருகிறேன் என்பாள். "நீ பக்கெட் கழுவறியா, இல்ல காவேரியக் கழுவறியா?" என்று நான் எல்லார் முன்னாலும் கிண்டல் செய்வேன். அவள் உட்கார்ந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுவாள்.

அன்றைக்கு முதல் கவளம் வாயில் வைக்கும்போது மேலே சத்தம் கேட்டது.

தத். தத். தத். டொக்.

எனக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. சோற்றை வைத்துவிட்டு மேலே போனேன். நான் காலையில் பதித்த ரூமில், என் கல்லுக்குப் பக்கத்தில் முட்டி போட்டுக்கொண்டு, கலவை பூசுகிற கரண்டியின் கட்டைப் பிடியால் ஒவ்வொரு கல்லாக, நாலு மூலையும் நடுவும் தட்டிக்கொண்டு போகிறாள். டொக் என்று வந்த கல்லைக் கரண்டி முனையால் நெம்பி எடுத்தாள். அடியில் பால் ஊற்றினாள். திரும்ப வைத்து, உள்ளங்கையால் அமுக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். என்னைவிட நேராக வைத்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"என்ன தங்கச்சி பண்ற?"

அவள் திரும்பவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே அடுத்த கல்லைத் தட்டினாள்.

"பாத்தாத் தெரியலீங்ளாண்ணா? தெனமும் பண்றதுதானுங்."

"எத்தன நாளா?"

"நாலு வருசமா."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

அப்போதுதான் கையை நிறுத்தினாள். "சொல்லாமயா? மொத மாசமே சொன்னனுங்ளே. அண்ணா, மூலையில எல்லாம் பொக்கு விடுது, உங்களுக்குக் கேக்கலீங்ளான்னு. நீங்க ரெண்டு வாட்டி தலைய ஆட்டி, சரி சரி பாத்துக்கலாம்னீங்க. சிரிச்சீங்க. சரி, அண்ணன் நம்மளப் பாத்துக்கச் சொல்றாருன்னு நானே பாத்துக்கிட்டேன்."



"அந்த ஹெப்பால் வீட்டு ஹாலு?" என்று கேட்டேன். எனக்கே பதில் தெரிந்துபோயிருந்தது.

"என் மக பிரசவத்துக்கு ஊருக்குப் போனனுங்ளே, அப்பப் போட்டதுங். போறப்பக்கூடச் சொல்லிட்டுத்தான் போனேன். யாரையாச்சும் வெச்சுத் தட்டிப் பாத்துக்குங்கண்ணான்னு. அதுக்கும் தலைய ஆட்டுனீங்க."

"நான் டீக்கடையில வெரலக் காட்டிப் பேசறப்ப நீ பக்கத்துலதான இருப்ப?"

"இருப்பன்."

"உனக்குக் கோவம் வரலியா?"

"வரும்ங்ணா. ரெண்டு வடை சேத்து வாங்கிக்குவேன். உங்க கணக்குலதான்."

நான் அந்த ஈரக் கலவை பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மனுஷி நாலு வருஷம் தினமும் அரை மணி நேரம் சோறு ஆறப் போட்டு என் பெயரைக் காப்பாற்றியிருக்கிறாள். அதற்கு நான் கொடுத்த கூலி, பக்கெட் கழுவத் தெரியாதவள் என்கிற பட்டம். என் விரலுக்கு ஒரு சக்தியும் இல்லை. மூக்குப்பொடி எடுக்கத்தான் லாயக்கு.

அப்போது இன்னொன்று உறைத்தது. அவள் இவ்வளவும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் சாதாரணக் குரலில் சொன்னாள். வாயைப் பார்க்காமலே ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது. பழைய மிஷினாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? இரண்டு தடவை தலையை ஆட்டி, சிரித்து, கீழே போய் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டிருப்பேன். முடிவு அங்கேயே ஆகிவிட்டது. மறுநாள் போய்ப் புது மிஷினை எனக்கே எடுத்துக்கொண்டேன். பழையதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. பெட்டியில் இருக்கிறது. எத்தனை பேர் எத்தனை விஷயத்தை அதனிடம் சொன்னார்களோ, அதற்குத்தான் தெரியும்.

மாடியில் அதைப் பார்த்த அன்று சாயங்காலமே காண்ட்ராக்டர் வீட்டுக்கும் போனேன். கூடத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். காது போனதையும், நாலு வருஷம் யார் தட்டிப் பார்த்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்தினாலும் நிறுத்துங்கள், ஆனால் இவளை இனிமேல் சித்தாள் என்று எழுதாதீர்கள், இவளும் டைல்ஸ் வேலைக்காரிதான் என்றேன். பொம்பளை கல் பதிப்பதா என்று அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கே ஆச்சரியம், எனக்கு அதுதான் முதல் தடவை. அவர் என்னைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், கடைசியில் என்ன சொன்னார் என்றால்...

இருங்கள், மேலேயிருந்து தங்கச்சி கூப்பிடுகிறாள்.

"அண்ணாவ்! நான் அஞ்சு கல்லு வெச்சு முடிச்சாச்சு, கலவை எங்கீங்? பக்கெட்டு கழுவறீங்ளா, காவேரியக் கழுவறீங்ளா? வாறப்ப அந்தச் சுத்தியவும் எடுத்துட்டு வாங்க. காத்தால நீங்க வெச்சதுல ஒண்ணு பொக்கு!"

மூன்றாவது மாடியிலிருந்து சொன்னதுதான், முதல் தடவையிலேயே முழுசாகக் கேட்டுவிட்டது. கேட்காமலே தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருக்க இனிமேல் முடியாது, இந்தப் புது மிஷின் எனக்கு வைத்த பெரிய செலவு அதுதான். கலவையை எடுத்துக்கொண்டு போகிறேன்.